ஏழு தோசையும் ஒரு காலிக் கட்டமும்

தப்பு நடந்துபோச்சு என்பது நந்தகோபாலுக்கு உறைத்தபோது பஸ் ஆழியாரைத் தாண்டி முதல் வளைவில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் சுத்தமாகப் போயிருந்தது. இனி வால்பாறை ஊருக்குள் போனால்தான் மறுபடி வரும். இவனுக்கு எப்பவுமே இப்படித்தான். உறைக்க வேண்டியது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலேயே உறைத்திருக்கலாம், அங்கே நெட் பிரமாதமாக இருந்தது, நேரமும் இருந்தது, ஆனால் ஐயா அங்கே நின்று மெதுவடை தின்றுகொண்டிருந்தார், அதுவும் சட்னி தண்ணியா இருக்கு என்று கடைக்காரரிடம் ஒரு குறையும் சொல்லிவிட்டு. வடை வயிற்றுக்குள் போகும்போது மூளை படுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. இப்போது ஜன்னலுக்கு வெளியே அணைத் தண்ணீர் கீழே கீழே போகப் போக, மூளை எழுந்து உட்கார்ந்துகொண்டு, ஏண்டா அப்படிப் பண்ணினே, ஏண்டா அப்படிப் பண்ணினே என்று அரிக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் அவசர அவசரமாகப் புரோகிராமில் ரெண்டு வரி எழுதினான் அல்லவா, அந்த ரெண்டு வரி. மகள் கனியின் பலகையில் எந்தப் படத்தை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்று தீர்மானிக்கிற ரெண்டு வரி. பலகையும் எறிந்துவிட்டது. அவன் சொன்னபடியே, ஒரு எழுத்து பிசகாமல் எறிந்துவிட்டது. அதைக் குறை சொல்லவும் வழியில்லை.

கனி அவன் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கனிஷ்கா என்று பேர் வைத்து, கூப்பிடப் பொறுமையில்லாமல் கனியாகிவிட்டாள். ஒன்பது வயது. காது நன்றாகக் கேட்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட இவளுக்குத்தான் முதலில் கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், சொல்லாததும் புரியும், வாயில்தான் வார்த்தை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்து, வராது என்று தெரிந்து, அதற்கு அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்த பிறகு, கம்ப்யூட்டர்காரன் தகப்பனாக இருந்து என்ன பிரயோஜனம் என்று நந்தகோபால் தானே உட்கார்ந்து எழுதியது அந்தப் பலகை. மற்றவர்களுக்கு அது ஓரம் தேய்ந்த ஒரு மலிவு டேப்லெட். வீட்டில் அதற்குப் பலகை என்றுதான் பேர். திறந்தால் கட்டம் கட்டமாகப் படங்கள். தோசை, ஊஞ்சல், தண்ணி, பஸ், வேண்டாம், போதும். தொட்டால் படம் மேலே ஏறி நிற்கும், பலகை அந்த வார்த்தையைச் சொல்லும். குரல் அவன் மனைவி சுகுணாவுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேனையும் பிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பதிந்தாள் பாவம். படங்கள் எங்கோ தூரத்தில் ஒரு சர்வரில் இருக்கும். ஒரு தடவை வாங்கிய படத்துக்குப் பலகை தன்னிடமே ஒரு நகல் வைத்துக்கொள்ளும், மறுபடி வேண்டுமென்றால் சர்வர் வரைக்கும் ஓடாமல் அந்த நகலை எடுத்துக் காட்டும். அந்த நகல் கிடங்குக்குத்தான் கேஷ் என்று பேர். கிடங்கு நன்றாக இருந்தால் நெட் இல்லாத மலையிலும் கனி பேசுவாள். கிடங்கைக் காலையில்தான் இவன் காலி செய்துவிட்டான்.

காலி என்று சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். நிறைந்துதான் இருக்கிறது. காலையில் கிளம்புகிற நேரம் பார்த்து, இடம் போதவில்லை என்று பலகை ஒரு அறிவிப்புக் காட்டியது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்ன என்று பார்த்தால், எல்லாம் ஃபேன் வீடியோ. கனிக்கு ஃபேன் சுற்றுவதைப் படம் எடுப்பதில் அப்படி ஒரு பித்து. ஹால் ஃபேன், பெட்ரூம் ஃபேன், சலூனில் ஒரு ஃபேன், கல்யாண மண்டபத்தில் வரிசையாக ஆறு ஃபேன். அழித்திருக்கலாம். ஒரு நொடி வேலை. விரலை வைத்தான், மனசு வரவில்லை, அவள் அவற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரிப்பாள், ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும்போது ஒரு சிரிப்பு, நிற்கும்போது ஒரு சிரிப்பு. சரி, ஃபேன் இருக்கட்டும், படக் கிடங்கைச் சுருக்குவோம், இருக்கிற இடத்தில் பாதி போதும், மிஞ்சினால் ரொம்ப நாளாகத் தொடாத படத்தை முதலில் தூக்கிவிடு என்று எழுதிவிட்டுச் செருப்பை மாட்டினான். ஊரில் உலகத்தில் எல்லாரும் செய்கிற வழிதான், தப்பே கிடையாது. ஆனால் கிடங்கில் ஒரே படம் எத்தனை பெயர்களில் உட்கார்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை பாருங்கள், அங்கேதான் விழுந்தான். சர்வர் ஒவ்வொரு நாளும் படத்தின் விலாசத்துக்குப் பின்னால் சில எழுத்துகளைப் புது வாலாக ஒட்டித் தரும், பாதுகாப்புக்கு. வாலை வெட்டிவிட்டு வைக்க வேண்டும். இவன் வாலோடு வைத்துவிட்டான். திங்கட்கிழமைத் தோசை ஒரு தோசை, செவ்வாய்க்கிழமைத் தோசை வேறு தோசை என்று பலகை நம்பிக்கொண்டு, அதே தட்டில் அதே தோசையை, ஓரத்தில் அதே கருகலோடு, ஏழு தடவை வைத்திருக்கிறது. ஊஞ்சலும் அப்படியே. அவற்றுக்கு இடம் விட்டு, தொடாத படங்கள் எல்லாம் வெளியே போய்விட்டன. ஏழு தோசை. படத்தைக் கட்டத்துக்குத் தக்கபடி சின்னதாக்கி வைப்பதற்கு எவ்வளவு மெனக்கெட்டான், கட்டைவிரல் அகலக் கட்டத்துக்குச் சுவரொட்டி அளவில் படம் எதற்கு என்று ஒவ்வொன்றையும் இழைத்து இழைத்து இடம் மிச்சம் பிடித்தான், பிடித்த இடத்தில் கடைசியில் ஏழு தோசை.

மனசு அங்கேயே மாட்டிக்கொண்டது. வண்டி வளைந்தால் அதுவும் வளைந்து, நேரே போனால் நேரே போய், மறுபடியும் ஏழு தோசையில் வந்து நின்றது. லேப்டாப் தலைக்கு மேலே பையில் இருக்கிறது, எடுத்து வாலை வெட்டிவிடலாம், பத்து நிமிஷ வேலை, வெட்டி என்ன, போன படம் நெட் இல்லாமல் எங்கிருந்து வரும். இறங்கிவிட்டால்? கண்டக்டரிடம் சொல்லி அடுத்த வளைவில் இறங்கி, கீழே போகிற வண்டியைப் பிடித்து, ஆழியாரில் நின்று எல்லாப் படத்தையும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினால்? சுகுணா அங்கே சோறு வடித்து வைத்துக் காத்துக்கொண்டிருப்பாள். வாரம் முழுக்க அவள் வால்பாறைப் பள்ளிக்கூடத்தில், இவனும் மகளும் பொள்ளாச்சியில், மாற்றல் வந்த நாளிலிருந்து சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இந்த மலைதான் இவர்களுக்கு வீட்டு வாசல். ஏனுங்க லேட்டு என்று கேட்பாள். தோசை ஏழு தடவை இருந்துதுன்னு இறங்கிட்டோம் என்று சொன்னால், நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அதற்கும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

உண்மையில் பயம் அதற்கில்லை. போன மழைக்காலத்துக்கு. அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தான், அது நினைக்காமலேயே வந்தது. அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம், கூட்டம், ஓமப் புகை, கனி தண்ணி என்று தொட்டாள். பலகை உறைந்து நின்றுவிட்டது. அவள் மறுபடி தொட்டாள். மறுபடி. மறுபடி. இவன் பந்தி கவனிக்கிற மும்முரத்தில் இருந்தான், யாரோ உங்க பாப்பா கையைக் கடிச்சுக்குது என்று வந்து சொன்னபோதுதான் ஓடினான். தண்ணீர் குடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, தாகத்தில் உதடு காய்ந்து, ஊமைப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சித்தப்பா, பேசிரும் பேசிரும், நம்ம பக்கத்துப் பிள்ளைங்கெல்லாம் கொஞ்சம் லேட்டாத்தான் பேசும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் பாயசத்துக்குப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் கனி பலகையைக் கொண்டுபோய் வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினாள். போட்டவள் போட்டவள்தான். மழைக்காலம் முழுக்கத் தொடவில்லை. எடுத்துக் கையில் கொடுத்தால் திரும்ப மெஷினுக்கே கொண்டுபோவாள். ஏமாற்றிய ஆளிடம் பேசாமல் இருப்பது எப்படியோ அப்படி. அந்த மாதங்களில் வீடு இருந்த இருப்பை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பசித்தால் அழுகை, வலித்தால் அழுகை, கோபம் வந்தால் அழுகை, எல்லாம் ஒரே அழுகையாகக் கேட்கும், எது எதற்கென்று தெரியாமல் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்ப்பான், சோறா, மருந்தா, மடியா. ஒரு நாள் மூன்றையும் தட்டிவிட்டாள், இவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்கு அப்புறம் இந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு யாருக்குத் தெரியும் என்று நினைத்தான், நினைத்ததும் குழாயைத் திறந்துவிட்டான்.

பொங்கல் கழித்துத்தான் தானாகவே ஒருநாள் எடுத்தாள். தோசை என்றாள். அவன் கல் காய்வதற்குள் மாவைக் கரண்டியில் எடுத்து ஊற்றினான், தோசை பிய்ந்துபோனது, அவள் பிய்ந்த தோசையைத் தின்றாள். அதிலிருந்து ஒன்றொன்றாக, இப்போது நாளெல்லாம் சொல்கிறாள். பேச்சுப் பயிற்சி தருகிற பெனிட்டா மேடம் போன வாரம் பார்த்துவிட்டு, இனி ரெண்டு வார்த்தை சேர்ப்பா சார், ஆளைச் சொல்லி விஷயத்தைச் சொல்லுவா, ரெண்டைச் சேர்த்துட்டா அப்புறம் தடுத்தாலும் நிக்காது, பலகையை மட்டும் இப்ப குழப்பிடாதீங்க என்றார். பலகையை மட்டும் இப்ப குழப்பிடாதீங்க. அவர் சொன்ன வாய் மூடவில்லை, இவன் குழப்பி வைத்திருக்கிறான். ரெண்டு வார்த்தைக்கு அவன் எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தண்ணி என்று சொன்னால் தண்ணீர் கிடைக்கும், அது சரி, நாய்க்குட்டியும் தட்டைத் தட்டிக் கேட்டுவிடும். ஆனால் ஒரு ஆளைக் கூப்பிட்டு ஒன்றைச் சொல்வது வேறு. அது வந்துவிட்டால் உலகத்தில் யாரிடமும் போய்ப் பேசிவிடலாம், இவன் பக்கத்தில் இல்லாவிட்டாலும். இன்றைக்கு இந்த மலையில் அவள் ஏதோ ஒன்றைச் சொல்லத் தேடி, அது இல்லாமல் போய், பலகை மறுபடியும் ஏமாற்றிவிட்டது என்று முடிவு கட்டினால் இன்னொரு மழைக்காலம். அவ்வளவுதான் விஷயம்.

முன் சீட்டில் சின்ன வெங்காய மூட்டையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினார். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவராம், ரொட்டிக்கடை என்ற ஊரில் இறங்க வேண்டுமாம், இவன் கேட்காமலேயே பொள்ளாச்சியில் சொல்லியிருந்தார். பாப்பாவுக்கு வாந்தி வருமா, எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், மோந்துக்கச் சொல்லுங்க என்று நீட்டினார். கனி பழத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பலகையைத் தொட்டாள். வேண்டாம் என்றது சுகுணாவின் குரல். அந்த அம்மா சரி என்று பழத்தை எடுத்துக்கொண்டார், பலகையை ஒரு பார்வை பார்த்தார், கேட்கப் போகிறார் என்று நந்தகோபால் பதிலைத் தயார் பண்ணினான், வழக்கமான பதில், பிறந்ததிலிருந்தே இப்படித்தானுங்க, டாக்டருங்க பாத்தாச்சுங்க, அதற்கு அவர் உச்சுக் கொட்டுவார், ஒரு கோயில் பேர் சொல்வார், இவன் தலையாட்டுவான். அவர் கேட்கவில்லை. டீசல் விலைக்கு வண்டி இப்படித்தான் உருட்டுவாங்க என்று டிரைவரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். தயார் பண்ணிய பதிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேண்டாம் இருக்கிறது, அது போதும், வேண்டாம் இருந்தால் பாதி வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்று மனசு கொஞ்சம் ஆறியது.

ஆறியதோ இல்லையோ, கனி பக்கத்தைத் தள்ளினாள். ரெண்டாவது பக்கம். அங்கங்கே சாம்பல் கட்டங்கள். முதல் வளைவிலேயே அவன் கண்ணில் பட்டது இதுதான், அப்போது ஒரு ஓரமாகத் தெரிந்தது, இப்போது முழுசாகத் தெரிந்தது. மழை இருந்த இடம் சாம்பல், கோடையில் மழையை யார் தொடுவார். டாக்டர் போயிருந்தார், போகட்டும். வலி போயிருந்தது. வலி போனதைத்தான் அவனால் தள்ளிவிட முடியவில்லை. ரொம்ப நாளாக அவளுக்கு வலிக்கவில்லை, நல்ல விஷயம், அதனாலேயே அந்தப் படம் வேண்டாத படம் என்று ஆகியிருக்கிறது, வலிக்காத பிள்ளைக்கு வலி எதற்கு என்று கணக்குப் போட்டுத் தூக்கியிருக்கிறது. யார் போட்ட கணக்கு. இந்த மடையன் போட்ட கணக்கு. அடிக்கடி சொல்வதுதான் வேண்டியது என்று நினைத்துவிட்டான், என்றைக்கோ ஒருநாள் சொல்ல வேண்டியதை மறந்துவிட்டான். தொட்டால் சத்தம் வரும், அது நிச்சயம், குரல் எல்லாம் பலகைக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, குரலுக்கு இடம் கொஞ்சம்தான் ஆகும், அதில் அவன் கை வைக்கவில்லை. ஆனால் ஒன்றுமில்லாத சாம்பல் கட்டத்தை எந்தப் பிள்ளை தொடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளை, வலிக்கிற முகத்தைத் தேடுமா, சாம்பலைத் தேடுமா.

கனி இன்னொரு பக்கம் தள்ளினாள். அது ஆட்கள் பக்கம். அம்மா இருந்தாள், பச்சைச் சுடிதாரில் பளிச்சென்று, சொல்லப்போனால் இவளும் கிடங்கில் ஏழெட்டுத் தடவை இருப்பாள், வாரம் முழுக்கக் கனி சுகுணாவைத் தொட்டுத் தொட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பெனிட்டா மேடம் இருந்தார். பக்கத்து வீட்டுப் பூனை இருந்தது. பூனைகூட இருந்தது. அம்மாவுக்கு அடுத்த கட்டம் சாம்பல். நந்தகோபாலுக்கு ஒரு கணம் அது யாருடைய கட்டம் என்றே ஞாபகம் வரவில்லை, அப்புறம் வந்தது, அது அவனுடையது. நீலச் சட்டை போட்டு, புது வருஷத்தன்று சுகுணா எடுத்த படம். அப்பா. பலகை வாங்கிய நாளிலிருந்து கனி அந்தக் கட்டத்தை எத்தனை தடவை தொட்டிருப்பாள் என்று யோசித்தான். ஒரு தடவைகூட நினைவில்லை. பயிற்சிக்காகப் பெனிட்டா மேடம் அவள் விரலைப் பிடித்து வைத்தது உண்டு, அது அவள் தொட்டதாகுமா. எழுப்புகிறவன் அவன், பல் தேய்த்துவிடுகிறவன், ஊட்டுகிறவன், ஊஞ்சல் ஆட்டுகிறவன், பலகையைச் சார்ஜில் போடுகிறவன், அவன் எழுதிய பலகை, அவன் எழுதிய கேஷ், அதில் முதலில் வெளியே போனவன் அவன். பூனைக்கு இருக்கிற மரியாதை இல்லை. நெஞ்சில் சுருக்கென்றது, அழுகை மாதிரி வந்தது, வந்த வேகத்தில் சிரிப்பாகவும் வந்தது. இருக்கிற ஆளை யார் கூப்பிடுவார்கள். கூப்பிட நேரம் விட்டால்தானே கூப்பிடுவாள், அவள் முகம் சுருங்குவதற்குள் தண்ணீரோடு நிற்கிறவனை எதற்குக் கூப்பிடுவது. நம்முடைய மூக்கை யாரிடமாவது கேட்டு வாங்குகிறோமா. நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் வலித்தது, அதை என்ன பண்ண.

அப்போது அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. இந்த மாதிரி ஆட்களுக்கு யோசனை உதிக்காமல் இருந்தால்தான் நல்லது. பலகையில் கேமரா இருக்கிறதே. நெட் எதற்கு, சர்வர் எதற்கு, இங்கேயே இப்போதே தன்னை ஒரு படம் எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டால்? வலிக்கு ஒரு முகம் சுளித்துக் காட்டினால் ஆயிற்று, மழைக்கு ஜன்னல் கண்ணாடியில் தண்ணீரைக் கொஞ்சம் வழியவிட்டு எடுத்தால் ஆயிற்று. இடத்துக்கு ஒரு ஃபேனை மட்டும் அழித்தால் போதும், சலூன் ஃபேனை, அது மங்கலாகத்தான் இருக்கும். உற்சாகம் தலைக்கு ஏறிவிட்டது. கண்ணு, ஒரு நிமிஷம் அப்பாகிட்டக் குடு என்று பலகையின் ஓரத்தைப் பிடித்தான். கனி விடவில்லை. ஒரே நிமிஷம் அம்மிணி, சரி பண்ணித் தர்றேன் என்றான். அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தலையை நுழைத்து, பலகையின் அந்தப் பக்கத்து ஓரத்தில், வீடியோக்களைத் திறக்கிற பொத்தானைத் தேடினான்.

பஸ் நின்றது. ஒன்பதாவது வளைவு. வரையாடு என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் கனியின் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள், டிரைவரே என்ஜினை அணைத்துவிட்டார். தடுப்புச் சுவரின் மேல் ஒரு தாயும் குட்டியும், கீழே பாதாளம் கிடக்க, வீட்டுத் திண்ணையில் நிற்பது போல நின்றுகொண்டு புல்லைக் கடித்துக்கொண்டிருந்தனவாம். நந்தகோபால் பார்க்கவில்லை. அவனுக்குப் பொத்தான் கிடைத்துவிட்டது, பலகை அவள் மடிக்குச் சாய்ந்திருந்தது. ஃபேன் வீடியோக்கள் வரிசையாகத் திறந்துகொண்டன, சலூன் எது மண்டபம் எது என்று தேடினான், கனி அவன் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டினாள், இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள், எங்கே சாய்ந்தாலும் அப்பாவின் தலை. அவள் முனகினாள். அந்த முனகல் அவனுக்கு நன்றாகத் தெரியும், கிரகப்பிரவேசத்தில் கேட்டது, அடுத்து கை வாய்க்குப் போகும். வந்துடுச்சு, கெட்டுது, எல்லாம் கெட்டுது என்று அவன் விரல் இன்னும் வேகமாக ஓடியது, ஓட ஓடத் தப்புத் தப்பாக விழுந்தது.

கனியின் கை வாய்க்குப் போகவில்லை. அவன் விரலை ஒதுக்கிவிட்டு, வீடியோவை மூடிவிட்டு, ஆட்கள் பக்கத்துக்குப் போனது. அங்கே அம்மாவின் மேல் நிற்கவில்லை, பூனையின் மேல் நிற்கவில்லை. அடுத்த கட்டத்துக்கு, சாம்பலுக்கு, தேடாமல், தயங்காமல் போனது. இருட்டில் விளக்கு ஸ்விட்சுக்குக் கை போகுமே, அப்படி.

"அப்பா" என்றது பலகை, சுகுணாவின் குரலில்.

நந்தகோபால் குனிந்து பார்த்தான். அந்தக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. நீலச் சட்டை இல்லை, முகம் இல்லை. படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாள் என்று அவன் இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தான், இழைத்து இழைத்துப் படங்களைச் சேமித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்திருக்கிறது. ஒரு தடவைகூடத் தொடாமல், தெரிந்து வைத்திருந்திருக்கிறாள். தேவைப்பட்டபோது கை நேராக வந்துவிட்டது. அவன் வாயைத் திறந்தான், என்ன கண்ணு என்று கேட்கப் போனான், அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை, கண்கள் அவன் காதுக்குப் பக்கமாக வெளியே ஆட்டுக்குட்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தன. விரல் மட்டும் முதல் பக்கத்துக்குத் திரும்பியது. தினமும் மூன்றாவது தோசைக்குப் பிறகு அவள் தொடுகிற கட்டம்.

"போதும்."

பஸ்ஸில் என்ஜின் சத்தம் இல்லாததால் அது எல்லாருக்கும் கேட்டது. அப்பா, போதும். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த அலுப்போடு சுகுணாவே பக்கத்தில் நின்று அதட்டியது மாதிரி இருந்தது. ரெண்டு. ஆளைச் சொல்லி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன் காத்திருந்த ரெண்டு வார்த்தை, தள்ளிப் போய்யா என்பதற்கு வந்திருக்கிறது. அவனுக்குக் கண்ணை மறைத்தது, சுகுணாவைக் கூப்பிட வேண்டும், போனை எடுத்தான், சிக்னல் இல்லை, பெனிட்டா மேடத்திடம் சொல்ல வேண்டும், சிக்னல் இல்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும், முன் சீட்டு அம்மா திரும்பி இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டீங்களா என்று அவரிடம் கேட்டான், இவ இதுவரைக்கும் இப்படிச் சொன்னதில்லைங்க, ரெண்டு சேர்த்து, இதுதான் முதல் தடவைங்க என்று விளக்கப் போனான்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் அந்த அம்மா. "பாப்பாதான் போதும்னு சொல்லுதில்ல, தலையை எடுங்க. அது ஆட்டைப் பாக்கட்டும்."

அவர் குரலில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை சொன்னது, காதில் விழுந்தது, அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு அவரும் ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். நந்தகோபால் தலையை எடுத்தான், பலகையிலிருந்து கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.